ஈயமற்ற என்னும் சொல்லும் நூறு என்னும் எண்ணும்

டாட்ஜ் நிறுவனம் 2017 ஏப்ரலில் நியூயார்க் மோட்டார் கண்காட்சியை ஒட்டி அறிமுகப்படுத்திய 'சேலஞ்சர் டீமன்' என்ற காரின் எஞ்சினுக்கு இரண்டு குதிரைத்திறன்கள் உண்டு. அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 91 ஆக்டேன் பெட்ரோலில் 808. நூறு ஆக்டேனோ அதற்கு மேலோ உள்ள ஈயமற்ற பந்தய எரிபொருளில் 840. 6.2 லிட்டர் வி8 எஞ்சின். அதன்மேல் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும் 2.7 லிட்டர் சூப்பர்சார்ஜர். காருடன் ஒரு டாலருக்கு வழங்கப்பட்ட பெட்டியில் வேறொரு எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியும் ஒரு பொத்தானும் இருந்தன. அவற்றைப் பொருத்தி, தொட்டியில் உரிய எரிபொருளை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், 32 குதிரைத்திறன் கூடும்.

மேற்கண்ட விவரத்தில் காரின் உரிமையாளர் படித்துப் பொருள்கொள்ள வேண்டியவை இரண்டே: 'நூறு' என்ற எண், 'ஈயமற்ற' என்ற அடைமொழி. இரண்டும் நேர்மையானவை போலத் தோன்றுகின்றன, ஒன்று அளவை, மற்றொன்று விலக்கு. ஆயினும் எரிபொருள் வணிகத்தில் இவற்றைப் போலப் பொருள் வழுக்கும் சொற்கள் குறைவு. மொழியியலாளர்கள் இலக்கியத்தையும் அரசியல் மேடைப் பேச்சையும் ஆராயும் அளவுக்கு டிரம்மில் ஒட்டிய சீட்டை ஆராய்வதில்லை. வேதியியலாளர்களோ சீட்டில் உள்ள சொல்லைத் தங்கள் துறைக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள். இடையில் அகப்படுவது எஞ்சின் மட்டுமன்று.

முதலில் எண். எரிபொருள் தீப்பொறிக்குக் காத்திராமல் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடிப்பதை மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்கள். அதை எதிர்க்கும் திறனே ஆக்டேன் எண். சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்குகிறது; அமுக்கப்படும் காற்று சூடேறுகிறது; ஆகவே சூப்பர்சார்ஜர் பூட்டிய எஞ்சின் நாக்கிங்கின் விளிம்பிலேயே வாழ்கிறது. எதிர்ப்புத் திறன் போதாத எரிபொருள் கிடைத்தால் உணரிகள் அதைக் கண்டு தீப்பொறியைத் தாமதப்படுத்தும், திறன் குறையும். உணரி பிடிக்குமுன் நிகழ்ந்தாலோ, கணினியின் கணக்கு அந்த எரிபொருளை நம்பி எழுதப்பட்டிருந்தாலோ, பிஸ்டன் உருகும்.

அந்த எதிர்ப்பை அளக்க இரண்டு சோதனைகள் உள்ளன. ஒரே வகையான ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சினை நிமிடத்துக்கு 600 சுழற்சியில் மிதமான சூட்டில் ஓட்டினால் கிடைப்பது ஆராய்ச்சி ஆக்டேன் எண். 900 சுழற்சியில், உள்ளே செல்லும் கலவையை 149 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி ஓட்டினால் கிடைப்பது மோட்டார் ஆக்டேன் எண். இது எப்போதும் முன்னதைவிடக் குறைவாகவே வரும் என்று கொள்ளலாம். இந்தியாவும் ஐரோப்பாவும் முன்னதைப் பலகையில் எழுதுகின்றன. அமெரிக்கா இரண்டின் சராசரியை எழுதுகிறது. எனவே டீமன் கேட்கும் நூறு, இந்தியப் பலகை மொழியில் ஏறத்தாழ 105.

இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 'எக்ஸ்பி100' என்ற பெட்ரோலைப் பத்து நகரங்களில் அறிமுகப்படுத்தியது. தில்லியில் அப்போது லிட்டர் 160 ரூபாய். அதிலுள்ள நூறு ஆராய்ச்சி ஆக்டேன் எண். அமெரிக்கக் கணக்கில் அது 95, 96 அளவில் நிற்கும். இந்தியாவில் விற்கப்பட்ட ஜாகுவார் எஃப்-டைப் போன்ற சூப்பர்சார்ஜர் கார்களின் கையேடுகள் ஆராய்ச்சி எண்ணிலேயே பேசுவதால் அவற்றின் உரிமையாளர்களுக்குச் சிக்கலில்லை. அமெரிக்காவில் எழுதப்பட்ட 'நூறு ஆக்டேன்' கணினி அமைப்பை வாங்கி ஏற்றிக்கொண்டு, எக்ஸ்பி100 பலகையைப் பார்த்து நிம்மதி அடைபவர்தான் சிக்கலில் இருப்பவர். இரண்டு நூறுகளும் எழுத்தில் ஒன்று, ஒலியில் ஒன்று, பொருளில் ஐந்து எண் வேறுபாடு. ஒப்போலிச் சொற்களை வகுப்பில் விளக்க ஆற்றுநீரையும் மாதத்தையும் குறிக்கும் சொற்களைத் தேடும் ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அமெரிக்காவுக்குள்ளேயே குழப்பம் தீர்ந்ததா என்றால் இல்லை. சுனோகோவின் '260 ஜிடி' ஈயமற்ற பந்தய எரிபொருள். அதன் சராசரி எண் 100. பெயரில் உள்ள 260 ஆக்டேனே அன்று. ஒருகாலத்தில் அந்நிறுவனத்தின் பங்க்குகளில் கலவையின் தரத்தைத் தேர்ந்தெடுக்கும் முள் சுட்டிய உச்ச எண், இன்று வெறும் நினைவுச் சின்னம். விபி நிறுவனத்தின் 'எம்எஸ்109' என்பதும் ஈயமற்றதே. அதன் 109 ஆராய்ச்சி எண், சராசரியோ 105. பலகையில் சராசரியை எழுதும் நாட்டில், டிரம்மில் மட்டும் பெரிய எண் ஏறிவிடுகிறது. ஆக்டேனை உயர்த்துவதாக விற்கப்படும் சிறு புட்டிகள் இன்னும் தேர்ந்தவை. 'ஐந்து புள்ளி உயர்வு' என்பதில் புள்ளி என்பது அத்தொழிலின் வழக்கில் ஓர் எண்ணின் பத்தில் ஒரு பங்கு. 91ஐ 96 ஆக்கும் என்று எண்ணி வாங்கியவருக்குக் கிடைப்பது 91.5. பொய் சொல்லாமலே ஏமாற்றுவது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

'ஆக்டேன்' என்ற சொல்லும் இப்படியே. 1920களில் கிரகாம் எட்கர் முன்வைத்த அளவுகோலில் நூறு என்ற இடம் ஐசோ-ஆக்டேன் என்ற கிளைத்த மூலக்கூறுக்கும், சுழியம் நார்மல் ஹெப்டேனுக்கும் தரப்பட்டது. எவ்வித அடைமொழியும் இல்லாத நேர்ச்சங்கிலி ஆக்டேனின் ஆக்டேன் எண்ணோ சுழியத்துக்கும் கீழே. தன் பெயரிலான தேர்விலேயே தோற்ற பொருள் அது.

ஆனால் பெரிய முரண் நூறுக்கு மேலே இருக்கிறது. ஐசோ-ஆக்டேனே நூறு என்றால் 105, 109 என்பவை எதனோடு ஒப்பிடப்படுகின்றன? ஐசோ-ஆக்டேனில் டெட்ரா எத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தைப் படிப்படியாகக் கலந்து, எந்த அளவு கலந்தபோது சோதனை எரிபொருளுக்கு இணையான எதிர்ப்புக் கிடைக்கிறது என்று பார்த்தே நூறுக்கு மேற்பட்ட எண்கள் வரையறுக்கப்பட்டன. ஆகவே 'ஈயமற்ற 105' என்ற தொடரின் முதற்பாதி ஈயத்தை மறுக்கிறது, இரண்டாம் பாதி ஈயத்தால் அளக்கப்படுகிறது. அந்த அளவுகோலை உருவாக்கிய எட்கர் பணியாற்றிய இடம் எத்தில் கார்ப்பரேஷன் என்பதை நினைவில் கொண்டால் வியப்பு குறையும்.

'எத்தில்' என்ற பெயரே இந்த வரலாற்றின் மூலப்பாவம். 1921 டிசம்பரில் டேடன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி டெட்ரா எத்தில் லெட் நாக்கிங்கை அடக்குவதைக் கண்டார். அச்சேர்மத்தின் பெயரில் மூன்று பகுதிகள்: டெட்ரா, எத்தில், லெட். ஈயம் நஞ்சு என்பது அன்று எவருக்கும் தெரியாத செய்தியன்று. விற்பனைப் பெயரை வைத்தபோது மேலதிகாரி சார்லஸ் கெட்டரிங் தேர்ந்தது நடுப்பகுதியை மட்டும். ஒரு பெண்ணின் பெயரைப் போல ஒலிக்கும் 'எத்தில்' 1923 பிப்ரவரியில் டேடனில் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்கள் அதைப் பயன்படுத்தியிருந்தன. அதன் புகழ் பந்தயத்திலிருந்தே பரவியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தப்பிரமை கொண்டு இறந்தனர், ஐவர். நிறுவனம் 'எத்தில்' என்றழைத்ததைத் தொழிலாளர்கள் 'கிறுக்கு வாயு' என்று அழைத்தார்கள். ஒரே பொருளுக்கு இரு பெயர். ஒன்றை வைத்தவர்கள் விற்பவர்கள், மற்றொன்றை வைத்தவர்கள் முகர்ந்தவர்கள். எந்தப் பெயர் துல்லியமானது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. 1925இல் நடந்த அரசு மாநாட்டில் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் எதிர்த்துப் பேசினார். எத்தில் வென்றது.

அதே ஆய்வகத்தில் ஆல்கஹாலின் எதிர்ப்புத் திறனும் அறியப்பட்டே இருந்தது. ஆனால் எவரும் வடித்தெடுக்கக்கூடிய பொருளில் காப்புரிமை வருவாய் இல்லை. ஏறக்குறைய நூறாண்டு கழிந்து, 2023இல் டாட்ஜ் அறிவித்த 'டீமன் 170' தன் முழுத் திறனான 1025 குதிரைத்திறனை எட்டுவது 85 விழுக்காடு எத்தனால் கொண்ட எரிபொருளில். சாதாரண பெட்ரோல் கலவையில் அது 900. ஈயம் இல்லாமல் திறன் இல்லை என்று அரை நூற்றாண்டு சொல்லப்பட்டதற்கு இது பிந்திய மறுப்பு.

இனி அடைமொழி. 'ஈயமற்ற' என்பதில் 'அற்ற' என்பது அறுதல் என்னும் வினையடியாய்ப் பிறந்தது. இருந்து நீங்கியது என்ற சாயல் அதில் உண்டு. 'பற்றற்ற', 'களங்கமற்ற' என்பவற்றில் அந்தச் சாயலைக் கேட்கலாம். அப்படியானால் ஈயமற்ற பெட்ரோல் என்பது ஈயம் நீக்கப்பட்ட பெட்ரோலா? பெட்ரோலில் ஈயம் இயல்பாக இருந்ததே இல்லை. அது ஊற்றப்பட்டது, பின்னர் ஊற்றுவது நிறுத்தப்பட்டது. ஆங்கிலத்தின் எதிர்மறை முன்னொட்டும் இதே மயக்கத்தை உண்டாக்குகிறது. நஞ்சு சேர்த்த பொருள் வெறும் 'பெட்ரோல்' என்று குறியின்றி உலவியது. சேர்க்காத பொருளே தன்னைத் தனியாக அறிவித்துக்கொள்ள நேர்ந்தது. மொழியியலில் குறியுற்ற வடிவம், குறியற்ற வடிவம் என்று பேசுகிறார்கள். எது குறியற்றது என்பதைப் புள்ளிவிவரம் தீர்மானிப்பதாகப் பாடநூல்கள் சொல்லும். இங்கே தீர்மானித்தது ஒரு காப்புரிமை.

தமிழில் மேலும் ஒரு சிக்கல். ஈயச்சொம்பில் வைத்த ரசத்தை மெச்சும் சமையலறையில் ஈயம் என்பது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் பூசியதும் அதுவே. நஞ்சு காரீயம். 'காரீயமற்ற' என்று எழுதியிருந்தால் எச்சரிக்கையாவது கேட்டிருக்கும். 'ஈயமற்ற' என்று எழுதியதால், பாட்டியின் சொம்பை நினைவில் வைத்திருப்பவருக்குப் பெட்ரோல் ஏதோ நல்ல சத்தை இழந்துவிட்டது போலத் தோன்றினால் குற்றம் அவருடையதன்று.

இந்தச் சொல் எந்த வாசல் வழியாக வந்தது என்பதே இங்கு முக்கியம். அமெரிக்காவில் 1970களின் நடுவில் ஈயமற்ற பெட்ரோல் பங்க்குகளில் கட்டாயமானதற்கு உடனடிக் காரணம் கேட்டலிடிக் கன்வர்ட்டர். ஈயம் அதன் வினையூக்கிப் பரப்பைப் பூசி மூடிவிடும். இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 அன்று சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் அது வந்ததும் கன்வர்ட்டர் பொருத்திய புதிய கார்களுக்காகவே. நாடு முழுவதும் ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் சேர்வது பற்றி ஹெர்பர்ட் நீடில்மன் போன்றோர் காட்டிய சான்றுகள் சட்டத்தைத் தள்ளின என்பது உண்மை. ஆயினும் பங்க்கில் நின்றவருக்குச் சொல்லப்பட்டது 'உங்கள் காருக்கு இது தேவை' என்பதுதான். பந்தய எரிபொருள் விற்பனையில் இன்றும் அதே குரல். கன்வர்ட்டரும் ஆக்சிஜன் உணரியும் கெடாமல் இருக்க ஈயமற்றதைத் தேர்க. அவை இல்லாத வண்டியானால் ஈயம் கலந்ததே திறன்மிக்கது. பெரும்பாலான அறிவுரைகள் இதற்கு மேல் செல்வதில்லை.

ஆகவே அமெரிக்கச் சட்டம் 1996 ஜனவரி 1 முதல் சாலை வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோலைத் தடுத்தபோது பந்தய வண்டிகளை விட்டுவிட்டது. விதிவிலக்கு சிறியது, பயன்படுத்துவோர் சிலர் என்ற வாதம் அப்போது எடுபட்டது. நாஸ்கார் 2007இல்தான் ஈயத்தைக் கைவிட்டது. அந்த மாற்றத்தையே இயற்கைச் சோதனையாகக் கொண்டு அலெக்ஸ் ஹாலிங்ஸ்வொர்த், ஐவன் ரூடிக் என்ற பொருளியலாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு, பந்தயத் தடங்கள் உள்ள கவுண்டிகளில் ஈயம் நின்றபின் குழந்தைகளின் உயர் இரத்த ஈய அளவும் முதியோர் இறப்பும் குறைந்ததைக் காட்டியது. ஆண்டில் சில வார இறுதிகள் மட்டும் ஓடும் வண்டிகளின் புகை அது. பார்வையாளர் மாடத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்காதவர்களின் உடலில் அது சேர்ந்தது.

ஆகவே கன்வர்ட்டரைக் கழற்றிவிட்ட காருக்கு எதைத் தேர்வது என்ற கேள்வியைத் தனிமனிதரின் விருப்பமாக விடுவது தவறு. விதிவிலக்கு நீக்கப்பட வேண்டும். 'ஈயமில்லாமல் இந்த அழுத்தம் தாங்காது' என்று சொல்வோருக்கு 840உம் 1025உம் பதில். மாற்று எரிபொருளில் வேலை கூடுதல் என்பது உண்மை. ஈயமற்ற பந்தய எரிபொருள்கள் தம் எதிர்ப்புத் திறனை எத்தனால், எம்டிபிஇ போன்ற ஆக்சிஜன் ஏந்திகளிடமிருந்து பெறுவதுண்டு. ஆக்சிஜனைத் தாமே சுமந்து வருவதால் அவற்றுக்குக் காற்றோடு ஒப்பிடக் கூடுதல் எரிபொருள் வேண்டும். பெட்ரோலின் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்றால் தூய எத்தனாலுக்கு 9. கணினியின் கணக்கைத் திருத்தாமல் ஊற்றினால், ஆக்டேன் உயர்ந்தும் கலவை மெலிந்து எஞ்சின் கெடும். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டிரம்மைத் திறந்துவைத்து மறுமாதம் ஊற்றுவோர் தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுகிறார்கள். இவையெல்லாம் மெக்கானிக்கின் உழைப்பால் தீர்பவை.

எண்ணைப் பொறுத்தவரை ஒரு நல்ல வழிகாட்டி ஏற்கெனவே உள்ளது. எரிபொருள் ஆய்வாளர் கௌதம் கல்கட்கி இரு ஆக்டேன் எண்களுக்கும் இடையிலான வேறுபாட்டை எஞ்சினின் இயல்புக்கேற்ப எடைபோட வேண்டும் என்று பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். காற்றைக் குளிர்வித்து உட்செலுத்தும் அழுத்த எஞ்சின்களில் மோட்டார் எண்ணைவிட ஆராய்ச்சி எண்ணே நடத்தையை நன்கு முன்னறிவிக்கிறது, சில வேளைகளில் இரண்டுக்கும் இடைவெளி அதிகம் இருப்பதே நன்மை என்பது அவர் முடிவுகளின் சாரம். ஆகவே டிரம்மில் மூன்று எண்களும் இருக்க வேண்டும். எது எது என்று பெயர் சொல்லி இருக்க வேண்டும். 'அதிதிறன்', 'பிரீமியம்' ஆகியவற்றுக்குப் பதிலாக அந்த இரண்டு வரி அச்சிட எந்த நிறுவனத்துக்கும் செலவு கூடாது. இந்தியப் பலகைகளில் 'நூறு' என்பதோடு 'ஆராய்ச்சி ஆக்டேன் எண்' என்ற மூன்று சொற்களை மாநில மொழியில் எழுத எண்ணெய் நிறுவனங்கள் இன்றே தொடங்கலாம்.

இந்தியாவுக்கு வேறொரு கடனும் உண்டு. 2021 ஆகஸ்டில், அல்ஜீரியா கடைசியாக நிறுத்தியதை அடுத்து, சாலை வாகனங்களில் ஈயப் பெட்ரோலின் காலம் உலகெங்கும் முடிந்தது என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் அறிவித்தது. அதற்கு ஓராண்டு கழித்து, 2022 செப்டம்பரில், உள்நாட்டிலேயே தயாரித்த 'ஏவ்கேஸ் 100எல்எல்' என்ற விமானப் பெட்ரோலை இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்தியது. இறக்குமதி குறையும் என்று அதைப் பாராட்டியவர்கள் பலர். சிறிய பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கானது அது. விமானப் பயிற்சிப் பள்ளிகள் எரிப்பது அதையே. அமெரிக்காவில் சிலர் அதைப் பந்தயக் கார்களிலும் ஊற்றுகிறார்கள்.

பெயரின் ஈற்றில் உள்ள இரண்டு எல்களின் விரிவு 'குறை ஈயம்'. எதைவிடக் குறைவு என்பதைப் பெயர் சொல்லாது. அதற்கு முன்பிருந்த விமானப் பெட்ரோலின் உச்சவரம்பான லிட்டருக்கு 1.12 கிராமைவிடக் குறைவு. குறைந்த பின்னும் வரம்பு 0.56 கிராம். இந்தியாவில் ஈயமற்றது எனப்படும் பெட்ரோலுக்குத் தரநிலை அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.005 கிராம்; 'அற்ற' என்பதும் சுழியம் அன்று என்பது வேறு செய்தி. 'குறை' என்று பெயர் கொண்டது 'அற்ற' என்று பெயர் கொண்டதைவிட 112 மடங்கு வரை ஈயம் கொள்ளலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இவ்வகை விமானங்களின் ஈயப்புகை மக்கள்நலனுக்குக் கேடு என்று 2023 அக்டோபரில் முறைப்படி தீர்மானித்தது. 2030க்குள் ஈய விமானப் பெட்ரோலைக் கைவிட அங்கே இலக்கு உண்டு. யூனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டில் இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டிய இந்தியக் குழந்தைகள் ஏறக்குறைய 27.5 கோடி; அவர்களில் பெரும்பாலோருக்கு அது வந்த வழிகள் பேட்டரி உருக்கும் பட்டறைகள் போன்றவை, விமானங்கள் அல்ல. ஆயினும் பயிற்சி விமானங்கள் நாள் முழுவதும் வட்டமிடும் ஓடுதளங்களின் ஓரத்தில் பள்ளிகளும் குடியிருப்புகளும் உள்ள ஊர்களில், மண்ணையும் குழந்தைகளின் இரத்தத்தையும் சோதிக்கும் பொறுப்பை விமானப் போக்குவரத்துத் துறையும் நலவாழ்வுத் துறையும் சேர்ந்தே ஏற்க வேண்டும். அதுவரை அந்தத் தொட்டிகளின் மேல் 'குறை ஈயம்' என்பதை அழித்துவிட்டு 'லிட்டருக்கு 0.56 கிராம் வரை காரீயம்' என்று எழுதலாம்.